வெள்ளத்தைக் கண்டு மழையை அறிதல்: மோட்டார் மோதல்களும் நிபுணத்துவக் கணிப்பொறியும்

இரண்டு மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்ளும் சம்பவம், உலோகம் உலோகத்தைத் தொட்ட கணத்திலிருந்து அவை ஒன்றையொன்று விட்டு விலகும் கணம்வரை எண்ணினால், பெரும்பாலும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கிலோ அதற்குச் சற்றே கூடுதலான பொழுதிலோ முடிந்துவிடுகிறது. அந்த இமைப்பொழுதில் நடந்தது என்ன என்பதை அறிவதற்குப் போலீசாரும் பொறியியலாரும் வழக்கறிஞர்களும் மாதக்கணக்கில், சில வேளை வருஷக்கணக்கில் உழைக்கிறார்கள். வண்டியை ஓட்டியவர் பிழைத்திருந்தாலும் அவருடைய நினைவை நம்பி அதிக தூரம் போக முடிவதில்லை. அச்சம் காலத்தை நீட்டிக் காட்டும், குற்ற உணர்ச்சி வேகத்தைக் குறைத்துக் காட்டும், தலையில் பட்ட அடியோ கடைசிச் சில நிமிஷங்களையே அழித்துவிட்டிருக்கும். பிறகு எஞ்சி நிற்பவை வாய்பேசாத சாட்சிகளே: தாரின்மீது கறுத்துக் கிடக்கும் டயர்த் தடங்கள், அடிப்பாகத்து இரும்பு சாலையைக் கிழித்த பள்ளம், சிதறிய கண்ணாடித் துண்டுகள், ரேடியேட்டரிலிருந்து ஒழுகிய நீர், நசுங்கிய முன்பாகம்.

விளைவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காரணத்தைத் தேடிச் செல்லும் இவ்வகை அறிவை நம் பழைய தருக்க நூலார் நன்கு அறிந்திருந்தார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரத்தில் தன் சமயத்தை எடுத்துரைக்கும் வைதிகவாதி, பிரமாணங்களை வரிசைப்படுத்தும்போது, அனுமானத்தைப் பொது என்றும் எச்சம் என்றும் முதல் என்றும் மூன்றாகப் பிரிக்கிறான். கார்மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது காரணத்திலிருந்து காரியத்துக்குப் போவது, அது முதல். ஆற்றில் பெருகிவரும் வெள்ளத்தைக் கண்டு மேற்றலையில் மழை பெய்திருக்கிறது என்று நிச்சயிப்பது காரியத்திலிருந்து காரணத்துக்கு மீள்வது, அது எச்சம். விபத்து நடந்த சாலையில் குனிந்து நிற்கும் ஆராய்ச்சியாளனின் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை. அவன் கையில் இருப்பவை எச்சங்கள்; அவன் செய்வதும் எச்சம்.

இந்த அனுமானத்தின் பலவீனத்தையும் முன்னோர் அறியாமல் இல்லை. நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பூர்வபட்சி எழுந்து, வெள்ளம் பெருகியதற்கு மழைதான் காரணமாக இருக்க வேண்டுமா, கீழே யாரேனும் ஆற்றை அடைத்திருந்தாலும் நீர் உயருமே என்று கேட்கிறான். அதற்கு அந்நூலின் உரையாசிரியரான வாத்ஸ்யாயனர் தரும் விடை அனுமானத்தைக் கைவிடுவதன்று, அதைக் கூர்மையாக்குவது: வெறுமனே உயர்ந்த நீரைக் கொண்டு யாரும் மழையை அனுமானிப்பதில்லை, வேகம் மிகுந்து, நுரை பொங்கி, காய்களையும் இலைகளையும் மரத்துண்டுகளையும் அடித்துக்கொண்டு வரும் நீரைக் கொண்டே அனுமானிக்கிறோம். அடைபட்ட நீருக்கு இந்த அடையாளங்கள் இல்லை. ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் உண்டென்னும்போது, அவற்றைப் பிரித்துக்காட்டும் விசேஷ லட்சணங்களை அறிந்திருப்பதே நிபுணத்துவம் என்று இதற்குப் பொருள். கணிப்பொறிக்குள் நிபுணனின் அறிவை ஏற்ற முயன்றவர்கள் இந்த லட்சணங்களைத்தான், ஒவ்வொன்றாக, எழுத்தில் வடிக்க முயன்றார்கள்.

மோதல் ஆராய்ச்சி ஒரு முறையான கலையாக வளர்ந்த இடங்களுள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போக்குவரத்துக் கழகம் முதன்மையானது. 1936இல் தோன்றிய அக்கழகத்தில் ஜே. ஸ்டானர்ட் பேக்கர் என்பவர், சாலையில் கிடக்கும் ஒவ்வொரு தடத்துக்கும் பெயரிட்டு, அளக்கும் முறையை வகுத்து, பல தலைமுறைப் போலீஸ் அதிகாரிகளுக்குக் கற்பித்தார். அவர்கள் கையாண்ட கணிதம் பள்ளிப் பிள்ளைக்கும் எட்டக்கூடியது. பிரேக்கை அழுத்தியதும் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கினால், வண்டியின் இயக்க சக்தி முழுவதும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வில் செலவாகிறது. ஆகவே தடத்தின் நீளமும் உராய்வெண்ணும் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். தடம் 30 மீட்டர், உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வெண் 0.7 என்றால், சறுக்கல் தொடங்கியபோது வண்டி மணிக்கு ஏறத்தாழ 73 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கிறது. வண்டியின் எடை இந்தக் கணக்கில் வருவதேயில்லை என்பது முதன்முறை கேட்பவரை வியப்பில் ஆழ்த்தும். இன்னொன்றும் வியப்பளிக்கும்: அவ்வண்டி சறுக்கலின் முடிவில் நிற்காமல், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மற்றொரு வண்டியில் மோதியதென்று நசுங்கலிலிருந்து தெரியவந்தால், தொடக்க வேகம் 73உம் 50உம் கூடி 123 ஆவதில்லை. கூடுவன சக்திகளே; சக்தியோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விடை 88 கிலோமீட்டர். இதை அறியாமல் வேகங்களை நேராகக் கூட்டிவிடும் ஒருவர், நிரபராதி ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிட முடியும்.

கணிதம் எளிது, எந்தக் கணிதம் பொருந்தும் என்று தீர்மானிப்பதே அரிது. சாலையில் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு கறுத்த தடம் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முற்றிலும் நேராக இல்லை. இரு முனைகளையும் ஒரு நாடாவால் இணைத்துப் பார்த்தால், நடுவில் ஒரு மீட்டர் வெளியே வளைந்திருக்கிறது. இது பூட்டிய சக்கரத்தின் சறுக்குத் தடமென்று கொண்டால் விடை முன்போல் 73 கிலோமீட்டர். ஆனால் குனிந்து உற்றுநோக்கும் ஒருவர், தடத்துக்குள் நுண்ணிய கோடுகள் அதன் போக்குக்குக் குறுக்காகச் சாய்ந்து ஓடுவதையும், பின் சக்கரத்தின் தடம் முன் சக்கரத்தின் தடத்துக்கு வெளிப்புறமாக விலகிச் செல்வதையும் கண்டுவிட்டால், கதை மாறிவிடுகிறது. சக்கரங்கள் பூட்டியிருக்கவில்லை, உருண்டுகொண்டே பக்கவாட்டில் வழுக்கின, வளைவில் திரும்ப முயன்ற வண்டி, உராய்வு தாங்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டது. அப்போது வேகத்தைத் தருவது தடத்தின் நீளமன்று, வளைவின் ஆரம். மேற்சொன்ன வளைவின் ஆரம் 113 மீட்டர், அதே 0.7 உராய்வெண்ணுக்கு வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். தடம் ஒன்றுதான், நீளம் ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். கோடுகள் எப்பக்கம் சாய்ந்தன என்ற ஒரே லட்சணம் விடையை 27 கிலோமீட்டர் நகர்த்திவிட்டது. நுரையும் இலையும் கலந்த நீருக்கும் அடைபட்ட நீருக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கணிப்பொறி இத்துறைக்குள் புகுந்தது, இந்த விவேகத்தின் வழியாக அல்ல, கணிதத்தின் வழியாகவே. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆய்வுக்கூடத்தில், அது பின்னர் கால்ஸ்பான் என்று பெயர் மாறியது, ரேமண்ட் மெக்ஹென்றியும் அவருடைய சகாக்களும் 1970களின் தொடக்கத்தில் 'ஸ்மாக்' என்னும் புரோகிராமை உருவாக்கினார்கள். இரண்டு வண்டிகளின் மோதலுக்கு முந்திய வேகத்தையும் திசையையும் கொடுத்தால், நியூட்டனின் விதிகளைக் கொண்டு காலத்தை மிகச் சிறு துணுக்குகளாக நகர்த்தி, அவை எப்படி மோதி, எப்படிச் சுழன்று, எங்கே போய் நிற்கும் என்பதை அது கணித்துச் சொன்னது. வண்டிகள் மேடுபள்ளங்களில் நடந்துகொள்ளும் விதத்தைக் கணிக்க அதே ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட வேறொரு புரோகிராமைக் கொண்டுதான், 1974இல் வெளிவந்த 'தி மேன் வித் த கோல்டன் கன்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில், முறுக்கிய சாய்தளத்திலிருந்து காற்றில் பாய்ந்து, ஒரு முழுச் சுற்றுச் சுழன்று, மறுகரையில் நான்கு சக்கரங்களிலும் வந்திறங்கும் காரின் பாய்ச்சல் முன்கூட்டியே வகுக்கப்பட்டது என்பதைச் சினிமாப் பிரியர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். படப்பிடிப்பில் அந்தப் பாய்ச்சல் முதல் முயற்சியிலேயே கைகூடியது.

இவ்வகைக் கணிப்பு மேகத்தைக் கண்டு மழையைச் சொல்வது. தருக்க நூலாரின் 'முதல்'. விசாரணைக்கு வேண்டியதோ 'எச்சம்'. ஆகையால் ஸ்மாக்கைப் பயன்படுத்துவோர், ஒரு வேகத்தை ஊகித்து, கணிப்பொறியை ஓட்டி, வண்டிகள் உண்மையில் நின்ற இடத்தோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்தி, மீண்டும் ஓட்டி, இப்படிப் பன்முறை முயல வேண்டியிருந்தது. முதல் ஊகம் உண்மைக்கு அருகில் அமைய உதவும் பொருட்டே 1970களின் நடுவே 'கிராஷ்' என்ற சிறிய புரோகிராம் தோன்றியது. துணையாகப் பிறந்த இது, விரைவில் தன் மூத்ததைவிட அதிகமாகப் புழங்கலாயிற்று. அதற்கு அடிப்படையாக நின்றது, ஜெனரல் மோட்டார்ஸின் கென்னத் கேம்பல் 1974இல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு: தடுப்புச் சுவரில் மோதவிட்ட கார்களில் முன்பாகம் நசுங்கிய ஆழத்துக்கும் மோதிய வேகத்துக்கும் இடையே ஏறக்குறைய நேர்கோட்டுத் தொடர்பு இருந்தது. எனவே நசுங்கலை இரண்டு, நான்கு அல்லது ஆறு இடங்களில் அளந்து, அவ்வகை வண்டியின் விறைப்புக்கான எண்களோடு சேர்த்தால், நசுக்குவதற்குச் செலவான சக்தியையும், அதிலிருந்து மோதலில் வண்டியின் வேகம் எவ்வளவு மாறியது என்பதையும் கணக்கிடலாம். அந்த வேக மாற்றத்தைத் துறையினர் டெல்டா-வி என்பார்கள். அமெரிக்க அரசின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், நாடெங்கும் திரட்டிய விபத்து விவரங்கள் பலவற்றுக்கு இம்முறையாலேயே டெல்டா-வியைக் கணித்துப் பதிந்தது.

கிராஷ் தன்னைப் பயன்படுத்துபவரிடம் கேள்விகள் கேட்டது. இந்த வண்டி சுழன்றதா, எங்கே நின்றது, எவ்வளவு நசுங்கியது என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஆயினும் தந்த விடையை அது ஐயுற்றதில்லை. இந்தத் தடம் இந்த வண்டியுடையதுதான் என்று உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்கும் ஆற்றல் அதற்கு இல்லை. நேருக்கு நேரான மோதலில், வண்டிகள் வந்த கோணத்தில் ஓரிரு பாகை பிசகினாலும் உந்தம் மாறாதென்ற விதியைக் கொண்டு போடும் கணக்கு தரும் வேகம் வெகுவாக மாறிவிடும் என்பதை அனுபவசாலி அறிவான்; அப்படிப்பட்ட இடத்தில் அவன் உந்தத்தை விட்டு நசுங்கலை நாடுவான். கணக்குப் புரோகிராமோ கேட்டதைக் கணக்கிட்டுத் தசமத் துல்லியத்தோடு கொடுத்துவிடும். அளவில் தவறு இருந்தால் அந்தத் துல்லியம் தவறை மறைக்கும் திரையாகவே அமையும்.

இந்தக் குறையை நிரப்பக்கூடிய சிந்தனை, அதே ஆண்டுகளில், முற்றிலும் வேறொரு துறையில் உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப், புரூஸ் புகானன் முதலியோர் 1970களில் இயற்றிய 'மைசின்' என்னும் அமைப்பு, இரத்தத்தில் தொற்றிய கிருமி எது, அதற்கு எந்த மருந்து என்று ஆலோசனை கூறியது. எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்று அமெரிக்கர் அழைத்த நிபுணத்துவ அமைப்புகளில் மிகப் புகழ்பெற்றது அதுவே. அதன் அறிவு ஏறத்தாழ 500 விதிகளாக, 'இன்னின்ன அறிகுறிகள் இருந்தால் இன்னது என்று இவ்வளவு உறுதியோடு கொள்க' என்ற வடிவில் அமைந்திருந்தது. 1979இல் வெளியான ஒரு பரீட்சையில், மூளைக்காய்ச்சல் நோயாளிகளுக்கு அது பரிந்துரைத்த சிகிச்சையில் 65 சதவீதம் ஏற்கத்தக்கது என்று வெளி நிபுணர்கள் தீர்ப்பளித்தனர். ஒப்பிடப்பட்ட ஸ்டான்ஃபோர்டு ஆசிரியர் எவரும் அந்த அளவை எட்டவில்லை. ஆனால் என் உள்ளத்தைக் கவர்ந்தது இந்த வெற்றியன்று. அந்த யந்திரத்திடம் மருத்துவர் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கலாம். அது ஒரு விவரத்தை வினவும்போது, 'ஏன் கேட்கிறாய்?' என்றால், எந்த முடிவைச் சோதிப்பதற்காக அந்த விவரம் வேண்டியிருக்கிறதென்று சொல்லும். முடிவைச் சொன்ன பிறகு, 'எப்படி அறிந்தாய்?' என்றால், எந்தெந்த விதியின் வழியாக அங்கே வந்ததென்று படிப்படியாகக் காட்டும். நம் தருக்கத்தில் தன் முடிபாகிய பிரதிக்ஞையைச் சொன்னவன், அதற்குக் காரணமாகிய ஏதுவையும் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லவா? அந்தக் கடமையை ஒரு யந்திரத்தின்மீது சுமத்தியதுதான் மைசினை ஆக்கியவர்களின் பெரும் சாதனை என்று நான் கருதுகிறேன்.

1980களில் இந்த முறை மருத்துவத்தை விட்டுப் பல துறைகளுக்கும் பரவியது. போக்குவரத்துத் துறையில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1987இல், ஒரு சாலைக்கு எந்த வேக வரம்பு ஏற்றது என்று ஆலோசனை சொல்லும் 'விலிமிட்ஸ்' என்ற அமைப்பு ஆக்கப்பட்டது. அதன் வழியில் அமெரிக்காவிலும் ஒன்று பின்னர் எழுந்தது. மோதல்களை மீட்டுரைப்பதற்கும் இது பொருத்தமான கருவி என்று ஆய்வாளர் பலருக்குத் தோன்றியது இயல்பே. பேக்கர் வழிவந்த அதிகாரிகளின் அறிவு பெரும்பாலும் 'இருந்தால்–ஆகும்' என்ற வடிவத்தில்தான் இருந்தது: சறுக்குத் தடம் மெலிதாகத் தொடங்கிக் கறுத்து முடியும், சக்கரம் விசையோடு சுழன்று புறப்பட்ட தடமோ கறுத்துத் தொடங்கி மெலிந்து முடியும். தடத்தின் ஓரங்கள் இரண்டும் கறுத்து நடு வெளுத்திருந்தால் டயரில் காற்றுக் குறைவு அல்லது வண்டியில் சுமை மிகுதி. நேராக வந்த தடம் சட்டென்று முறிந்து வேறு திசையில் போயிருந்தால், முறிந்த இடத்தில் அந்தச் சக்கரம் இருந்தபோது மோதல் நேர்ந்தது.

ஆனால் நிபுணர் தம் அறிவைச் சொல்லத் தொடங்கும்போதுதான் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று தெரியவருகிறது. 'பார்த்தாலே தெரிகிறதே' என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய முதல் விடை. நிபுணத்துவ அமைப்புகளின் முன்னோடியான எட்வர்ட் ஃபைகன்பாம் இந்த இடையூற்றை, அறிவைப் பெறுவதிலுள்ள குறுகிய கழுத்து என்று அடையாளம் காட்டினார். குடத்தில் நீர் நிறைய இருந்தும் வாய் சிறுத்திருப்பதால் சொட்டுச் சொட்டாகவே வெளிவரும். முகப்பு விளக்கின் இழையை உதாரணமாகக் கொள்வோம். இரவில் நடந்த மோதலில், எதிரே வந்தவர் விளக்கைப் போட்டிருந்தாரா என்பதே வழக்கின் உயிர்நாடியாக இருக்கக்கூடும். விளக்கு எரியும்போது அதன் டங்ஸ்டன் இழை 2,000 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட வெம்மையில் மெழுகுபோல் இளகியிருக்கிறது. மோதலின் அதிர்ச்சியில் அதன் சுருள் இழுபட்டு நீண்டுவிடும். எரியும் விளக்கின் கண்ணாடி உடைந்தால், உட்புகும் காற்றுப் பட்டு இழையின்மீது மஞ்சளும் வெண்மையுமான துகள் படியும். தெறித்த கண்ணாடிப் பொடி வெம்மையில் உருகி, நுண்ணிய மணிகளாக இழையில் ஒட்டிக்கொள்ளும். அணைந்திருந்த விளக்கின் இழையோ பளபளப்பு மாறாமல், முறிந்தால் குச்சிபோல் சட்டென்று முறிந்திருக்கும். கடுகளவு உலோகத்தில் இப்படியொரு சாட்சியம் எழுதப்பட்டிருப்பதும், அதைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்டதும் நெஞ்சைத் தொடுகிற செய்திகள்.

இதை விதியாக எழுதுவது சுலபம். 'இழை நீண்டிருந்தால், மோதலின்போது விளக்கு எரிந்தது.' எழுதி முடிப்பதற்குள் விலக்குகள் வரிசையாக வந்து நிற்கின்றன. நெடுநாள் எரிந்து முதிர்ந்த இழை மோதல் இல்லாமலே தொய்ந்திருக்கலாம். மோதல் பட்ட மூலைக்கு மறுகோடியிலுள்ள விளக்கு எரிந்துகொண்டிருந்தும் இழை கலையாமல் இருக்கலாம். ஆகவே நீளாத இழை, விளக்கு அணைந்திருந்ததற்குச் சான்றாகாது. எல்லாவற்றையும்விடக் கொடியது, விபத்துக்குப் பிறகு விளக்கு வேலை செய்கிறதா என்று பார்க்கும் எண்ணத்தில் யாரேனும் சுவிட்சைத் தட்டிவிடுவது. கண்ணாடி உடைந்த விளக்கில் மின்சாரம் பாய்ந்த அந்தக் கணமே இழையில் துகள் படிந்து, இல்லாத சாட்சியம் ஒன்று சிருஷ்டியாகிவிடும். நல்ல ஆசிரியர்கள் தம் மாணாக்கருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் எச்சரிக்கை இது. நிபுணத்துவ அமைப்பின் மதிப்பு முதல் விதியில் இல்லை, பின்வரும் இந்த விலக்குகளில்தான் இருக்கிறது. முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, 'விளக்கு எரிந்ததென்று சொல்ல வேண்டுமானால், சுவிட்சை யாரும் தொடவில்லை என்பது உறுதிப்பட வேண்டும், அதை விசாரித்தாயா?' என்று கேட்கும் யந்திரம், முடிவைச் சொல்லாமல் நின்றுவிட்டாலும் அதிகாரிக்கு உதவிதான் செய்திருக்கிறது.

உறுதியின் அளவை எண்ணாக்கும் இடத்தில் இம்முறை சறுக்கியது. மைசினில் ஒரு சான்று 0.6 அளவும், அதே முடிவுக்கு இன்னொரு சான்று 0.5 அளவும் வலுவளித்தால், இரண்டும் சேர்ந்து 0.8 ஆகும், எஞ்சிய ஐயத்தில் பாதியை இரண்டாவது சான்று போக்குகிறதென்று பொருள். கணக்கு அழகானது. ஆனால் இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் அது செல்லும் என்பதை ஆய்வாளர் டேவிட் ஹெக்கர்மன் 1986இல் காட்டினார். விபத்தில் சான்றுகள் பெரும்பாலும் உறவினர்கள். ஒரே வண்டியிலிருந்து இறங்கி, மருத்துவமனையில் அருகருகே படுத்திருந்து பேசிக்கொண்ட இருவர் ஒரே வேகத்தைச் சொன்னால் அது இரண்டு சாட்சியமா, ஒன்றா? உராய்வெண்ணைத் தவறாகக் கொண்ட ஒருவர், அதை வைத்தே சறுக்கலிலிருந்து ஒரு வேகத்தையும், மோதலுக்குப் பின் வண்டி ஓடிய தூரத்திலிருந்து இன்னொரு வேகத்தையும் கணித்து, இரண்டும் ஒத்துவருகின்றன என்று மகிழ்ந்தால், அந்த ஒப்புமை பொய்யின் ஒப்புமை.

விதிகளால் ஆன அறிவை நியாயஸ்தலம் எப்படி எடைபோடும் என்பதற்கு, அமெரிக்க உச்சநீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்த குமோ டயர் வழக்கைப்போல் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 1993ஆம் வருஷம் ஜூலை மாதம் அலபாமா மாநிலத்தில், டயர் வெடித்து ஒரு வேன் கவிழ்ந்தது, ஒருவர் மாண்டார். டயரில் உற்பத்திக் குறை இருந்ததென்று சாட்சியம் சொல்ல வந்த நிபுணர், டயரைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் முடிவுக்கு வந்திருந்தார். அவர் வைத்திருந்த விதி இது: காற்றுக் குறைவாலோ சுமையாலோ டயர் கெட்டிருந்தால் நான்கு அறிகுறிகள் தோன்றும், அவற்றுள் இரண்டேனும் காணப்படாவிட்டால், உற்பத்திக் குறையே காரணம். ஒரு நிபுணத்துவ அமைப்பில் அப்படியே எழுதிவிடத்தக்க விதி! ஆனால் அந்த டயரில் அறிகுறிகள் சிறிது சிறிது இருந்தன. அவை போதுமான அளவில் இல்லை என்பது அவருடைய கண்ணின் தீர்ப்பு. அந்த டயர் எத்தனை ஆயிரம் மைல் ஓடியது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. விஞ்ஞானியின் சாட்சியத்தைப்போலவே அனுபவசாலியின் சாட்சியத்தையும் நம்பகமானதா என்று நீதிபதி சோதிக்க வேண்டும் என்றும், இந்தச் சாட்சியத்தைக் கீழ்நீதிமன்றம் விலக்கியது முறையே என்றும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பிழையான முடிவுக்கு வந்தார் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 'எப்படி அறிந்தாய்?' என்ற கேள்விக்குப் பிறர் சோதித்துப் பார்க்கக்கூடிய விடை அவரிடம் இல்லை, அவ்வளவே.

இந்தத் தீர்ப்பைப் படித்த பிறகு, விதிகளை வெளிப்படையாக எழுதி, விலக்குகளைப் பட்டியலிட்டு, முடிவுக்கு வந்த வழியைப் படிப்படியாகக் காட்டும் அமைப்புகளே நியாயஸ்தலத்தின் விருப்பத்துக்குரியவை ஆகியிருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். நடந்தது அதுவன்று. 1990களில் கணிப்பொறியின் திரை வண்ணமயமாயிற்று. ஆஸ்திரியாவில் ஹெர்மன் ஸ்டெஃபன் உருவாக்கிய பிசி-கிராஷ் போன்ற புரோகிராம்கள் மோதலை முப்பரிமாணக் காட்சியாகக் கண்முன் நிறுத்தின. மோதலுக்கு முந்திய வேகங்களைத் தாமே மாற்றி மாற்றிப் பார்த்து, வண்டிகள் நின்ற இடத்தோடு மிக நெருங்கிவரும் விடையை அவை தேடித் தந்தன. மெக்ஹென்றியின் காலத்தில் மனிதன் செய்த ஊகமும் திருத்தமும் இப்போது யந்திரத்தின் வேலையாயின. இது பெரிய முன்னேற்றம்தான். எனினும் மிக நெருங்கிய ஒரு விடையைக் காட்டும் யந்திரம், அதற்கு அடுத்தபடி நெருங்கிய வேறு பத்து விடைகளை நம் பார்வையிலிருந்து அகற்றிவிடுகிறது. பல வேறு கடந்தகாலங்கள் ஒரே சிதைவில் வந்து முடியக்கூடும். திரையில் ஓடுவதோ அவற்றுள் ஒன்றே. படமாகக் கண்டதை ஜூரியின் மனம் நடந்ததாகவே கொள்ளும் அபாயத்தை உணர்ந்துதான் அமெரிக்க நியாயஸ்தலங்கள், சாட்சியத்தை விளக்க மட்டும் வரைந்த அசைபடத்தையும், பௌதிக விதிகளிலிருந்து கணித்தெடுத்த காட்சியையும் வேறுபடுத்தி, பின்னதற்குக் கடுமையான பரிசோதனையை வகுத்தன. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் கேரி டேவிஸ் போன்றோர், ஒரே வேகத்தைச் சொல்வதை விடுத்து, சான்றுகளின் வலுவுக்கேற்ப எந்த வேகம் எவ்வளவு சாத்தியம் என்று நிகழ்தகவு வலைகளால் காட்டும் வழியைத் தேர்ந்தனர். மைசினின் எண்களில் இருந்த பழுதை நீக்கிய வழி அது. நிபுணத்துவ அமைப்புகளின் நேர்மையான வாரிசு அதுவே என்பது என் அபிப்பிராயம்.

நசுங்கலைக் கொண்டு கணித்த எண்களுக்கும் ஒரு நாள் பரீட்சை வந்தது. காற்றுப்பையை விரிக்கும் கருவியோடு, மோதலின் விவரங்களைப் பதிந்துவைக்கும் சிறு பெட்டியையும் வண்டிகளில் பொருத்தத் தொடங்கிய பிறகு, வர்ஜீனியா டெக்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கிராஷின் வழித்தோன்றலான வின்ஸ்மாஷ் கணித்த டெல்டா-வியைப் பெட்டியில் பதிந்திருந்ததோடு ஒப்பிட்டு, 2006இல் வெளியிட்டனர். கணிப்பு சராசரியாக 23 சதவீதம் குறைவாக இருந்தது. வண்டிகளை ஒருசில வகைகளில் அடக்கி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு விறைப்பைக் கொண்ட பழைய வழக்கம் இதற்கு ஒரு காரணம். மாதிரிக்கு மாதிரி உலோகமும் கட்டமைப்பும் மாறிவிட்டன. அதே 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, இத்தகைய பெட்டி பொருத்தப்பட்டிருக்குமானால் அது மோதலுக்கு முந்திய 5 விநாடிகளின் வேகத்தையும் பிரேக்கின் நிலையையும் பிறவற்றையும் பதிய வேண்டுமென்ற விதியை வெளியிட்டது. அது 2012 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இனி நிபுணர் எதற்கு, தடம் எதற்கு என்று சிலர் கேட்கலானார்கள். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் வந்ததும் கறுத்த சறுக்குத் தடங்கள் மங்கிவிட்டன. இழையே இல்லாத எல்இடி விளக்குகள் வந்ததும், டங்ஸ்டனைப் படிக்கக் கற்ற கண்களுக்குப் படிக்க எதுவும் இல்லாமல் போகிறது. எழுதப்படாத அறிவு பொருளோடு சேர்ந்து மறைகிறது; எழுதப்பட்ட விதிகளோ, பழைய வண்டி ஒன்று சாலையில் ஓடும்வரை பயன்படும்.

ஆனால் அந்தப் பெட்டியும் படிக்கப்பட வேண்டிய ஒரு சாட்சிதான். அது வேகம் என்று பதிவது பெரும்பாலும் சக்கரம் சுழலும் விகிதத்தை. ஏபிஎஸ் இல்லாத வண்டியில், அல்லது அது பழுதடைந்த வண்டியில், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்கினால், வண்டி மணிக்கு 70 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும்போதே பெட்டி மிகக் குறைந்த எண்ணைப் பதிந்துவிடும். பனியில் சக்கரம் வெறுமனே சுழன்றால் மிகக் கூடிய எண்ணைப் பதியும். எது உண்மை என்று அறிய, சக்கரம் பூட்டியதா, உருண்டதா என்பது தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியது தாரின்மீது கிடக்கும் தடமும், அதற்குள் நுண்ணிய கோடுகள் சாயும் திசையுமே. ஆகவே இன்றும் ஒரு அதிகாரி, கையில் அளவுநாடாவும் சுண்ணக்கட்டியுமாக, போக்குவரத்தை ஒருபுறம் நிறுத்திவைத்துவிட்டு, மழை வருவதற்குள் அந்தத் தடத்தின் அருகே மண்டியிட்டு உட்கார வேண்டியிருக்கிறது.